சில்லாய் கலானில் ஒரு சாத்தூர்க்காரன்

டிசம்பர் 22, 2024, ஞாயிறு. ஸ்ரீநகர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் குளிர் ஆகாது. கொடைக்கானலுக்குப் போனால்கூட வெயில் ஏறியபிறகுதான் அறையை விட்டு வெளியே வருவேன். சாத்தூரில் பிறந்தவனுக்குத் தெரிந்த குளிர்காலம் மார்கழிக் காலையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போவது, அவ்வளவுதான். அந்தத் துண்டும் எட்டு மணிக்குத் தோளுக்கு இறங்கிவிடும்.

அப்படிப்பட்டவனை டிசம்பர் கடைசியில் காஷ்மீருக்குக் கிளப்பிக்கொண்டு வந்தது என் மச்சினன். பிள்ளைகளுக்கு லீவு, டிக்கெட் போட்டாச்சு, அத்தான் வரலேன்னா அக்காவும் வரமாட்டா என்று நாலு பக்கமும் வேலி கட்டிவிட்டான். "வாழ்க்கையில ஒரு தடவையாவது பனி விழுறதப் பாக்கணும் அத்தான்" என்றான். ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவனிடம் பதில் இல்லை. வீட்டில் வேறு யாரிடமும் இல்லை.

விமானம் இறங்கியபோது நல்ல வெயில். வெயிலைப் பார்த்து ஏமாந்து ஸ்வெட்டரைக் கையில் பிடித்தபடி இறங்கிய டெல்லிக்காரர் ஒருவர், படிக்கட்டின் பாதியிலேயே நின்று அதைப் போட்டுக்கொண்டார். இங்கே வெயில் வெளிச்சத்துக்கு மட்டும்தான்.

ராஜ்பாகில், ஜீலம் ஆற்றுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வீட்டின் மாடியில் தங்கியிருக்கிறோம். வீட்டுக்காரர் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை மாஸ்டர் சாப் என்கிறது, நாங்களும் அப்படியே. கஹ்வா என்கிற காஷ்மீர் டீயைக் கொடுத்து உட்காரவைத்து, "சரியான நாளில் வந்திருக்கிறீர்கள்" என்றார். நேற்றுத்தான் சில்லாய் கலான் தொடங்கியதாம். டிசம்பர் 21 முதல் 40 நாள் பெரிய குளிர். அது முடிந்ததும் 20 நாள் சில்லாய் குர்த். பிறகு 10 நாள் சில்லாய் பச்சா, குட்டிக் குளிர். நாம் கத்திரி வெயிலுக்குத் தேதி பார்ப்பதுபோல இவர்கள் குளிருக்கு 70 நாள் நாட்காட்டி வைத்திருக்கிறார்கள்.

நேற்று அதிகாலை ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி. டிசம்பர் மாதத்தில் இவ்வளவு குறைந்தது 1974க்குப் பிறகு இப்போதுதான் என்று பத்திரிகையை எடுத்துக் காட்டினார். மச்சினன் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறான், என்னவோ அவனே இறக்கிக் காட்டியது மாதிரி.

இதை மின்சாரப் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். கரண்ட் இருக்கும்வரை சொர்க்கம். எப்போது போகும் என்று மாஸ்டர் சாப்பிடம் கேட்டதற்கு மேலே கையைக் காட்டினார்.

டிசம்பர் 23, திங்கள்

கரண்ட் போனது. விடியற்காலை மூன்றரைக்கு.

குளிர் எங்கே முதலில் பிடிக்கிறது என்று இப்போது எனக்குத் துல்லியமாகத் தெரியும். மூக்கு நுனி. பிறகு காது மடல். போர்வையைத் தலைவரை இழுத்தால் மூச்சு முட்டுகிறது, விட்டால் மூக்கு போகிறது. என் வீட்டுக்காரி குரங்குக் குல்லாவும் மேலே சால்வையுமாக நிம்மதியாகத் தூங்கினாள். இவளும் சாத்தூர்தான்.

காலையில் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. கீழே சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தேன். மாஸ்டர் சாப்பின் மகன் கெட்டிலுடன் நின்று சுவரோரக் குழாயில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குழாய்மேல் சாக்குத்துணி சுற்றியிருந்தது. அதை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, திறந்து வைத்த குழாய் வாயிலிருந்து பின்னோக்கி வந்தார். நடுவில் ஊற்றினால் உருகின தண்ணீர் போக வழியில்லாமல் இரண்டு பக்கமும் ஐஸ் அடைத்து நிற்கும் என்றார். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கிறது. இரும்பென்றும் பார்க்காமல் குழாயை வெடிக்க வைப்பது அந்த 9 சதவீதம்தான். இரவில் குழாயை லேசாகச் சொட்டவிட்டுப் படுப்பார்களாம், ஓடுகிற தண்ணீர் சுலபத்தில் உறையாது என்று. நேற்று எங்கள் மாடியில் யாரோ சொட்டுகிறதே என்று இறுக மூடியிருக்கிறார்கள். சொட்டுகிற குழாயைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத கை எது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பதினொரு மணிக்கு தால் ஏரி. கரையோரம் கண்ணாடித் தகடு மாதிரி உறைந்திருந்தது. பிள்ளைகள் கல்லை எறிந்தால் முழுகாமல் 'ட்யூங்' என்று ஒரு சத்தத்தோடு வழுக்கிக்கொண்டு போனது. நான்கூட இரண்டு எறிந்தேன். ஷிகாராக்காரர் துடுப்பை நெட்டுக்குத்தாகப் பிடித்து ஐஸை இடித்து உடைத்து வழி செய்தபிறகுதான் படகு நகர்ந்தது. நடு ஏரி உறையவில்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் மேலே மிதக்கும். அதனால் ஏரி மேலிருந்துதான் உறையும், அடியில் மீன் பிழைத்துக்கிடக்கும். தள்ளி ஒரு சின்னப் படகில் ஒரு மனிதர் நீளக் கம்பை ஏரிக்குள் விட்டுத் தாமரைத் தண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார். நத்ரு என்கிறார்கள், இங்கே அது இல்லாமல் விருந்து இல்லை. கையுறை இல்லை. கம்பு மேலே வரும்போதெல்லாம் அதில் வழிகிற தண்ணீர் அவர் முழங்கைவரை ஓடியது. மச்சினன் அவரைப் படம் எடுத்தான். "செம ஷாட் அத்தான்." எனக்கு அந்தக் கையைத்தான் பார்க்க முடிந்தது, வீங்கிச் சிவந்து.

படகைவிட்டு இறங்கி பூல்வார்ட் சாலையில் நடக்கும்போது என் வீட்டுக்காரி மச்சினன் பையனை அதட்டினாள், தண்ணிப் பக்கம் போகாதே என்று. மணல் மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்ற சி.ஆர்.பி.எப். தம்பி திரும்பிப் பார்த்தார்.

"தமிழா அக்கா?"

அப்புறம் என்ன. அவருக்குக் கோவில்பட்டி. எங்களுக்கும் அவர் ஊருக்கும் இடையில் பஸ்ஸில் அரைமணி நேரம்.

"பழகிருச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"எங்கண்ணே பழகுது. காலு வெரலு செவந்து வீங்கிரும். ராத்திரி பூராம் நமைக்கும். ஹீட்டர்கிட்ட நீட்டுனோம்னா இன்னும் மோசம். நீங்க சாக்ஸ் மட்டும் ஈரமானா ஒடனே மாத்திருங்க. மத்ததெல்லாம் தாங்கிக்கலாம்."

என் வீட்டுக்காரி கைப்பையிலிருந்து காராச்சேவுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். டூட்டியில் இருக்கிறேன் அக்கா என்று கூச்சப்பட்டார். பிறகு அங்கே இங்கே பார்த்துவிட்டு வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். இந்தப் பயணத்தில் என் கட்சிக்குக் கிடைத்த முதல் ஆள்.

டிசம்பர் 24, செவ்வாய்

இன்று எங்கும் போகவில்லை. மற்றவர்கள் முகல் தோட்டங்களைப் பார்க்கப் போனார்கள். பூ இல்லாத தோட்டத்தைப் பார்க்க நான் எதற்கு என்று கீழே மாஸ்டர் சாப்போடு உட்கார்ந்துவிட்டேன். நல்ல முடிவு. காங்ரி கிடைத்தது.

ஒரு சின்ன மண்சட்டி. அதைச் சுற்றிப் பிரம்புபோல வளைகிற குச்சியில் பின்னிய கூடை, மேலே இரண்டு பிடி. பின்பக்கத்தில் ஒரு சின்னக் கரண்டி கயிற்றில் தொங்குகிறது. சட்டியில் அடியில் கரித்தூள், அதன்மேல் கனிந்த கங்கு, அதன்மேல் சாம்பல். சாம்பல்தான் சூட்சுமம். கரண்டியால் சாம்பலை லேசாக விலக்கினால் சூடு ஏறும், மூடினால் இறங்கும். ஒருமுறை நிரப்பினால் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். சினார் மர இலைகளை இலையுதிர் காலத்தில் கூட்டி எரித்துக் கரியாக்கி, மூட்டை கட்டி வைத்துக்கொள்கிறார்கள். காங்ரிக்குப் பேர்போன ஊர் சரார்-எ-ஷரீப் என்றார் மாஸ்டர் சாப்.

இதை ஃபெரனுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபெரன் என்பது முழங்கால் தாண்டித் தொங்குகிற தொளதொள கம்பளி அங்கி. கையை அதன் கையில் விடாமல் உள்ளேயே மடக்கிக் காங்ரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். தெருவில் பாதிப்பேர் கையில்லாதவர்களாக நடப்பதன் ரகசியம் இது. வெளியே வெறும் சட்டை அங்கிதான், உள்ளே அடுப்பு.

மாஸ்டர் சாப் தன்னுடைய பழைய ஃபெரன் ஒன்றைக் கொடுத்தார். போட்டுக்கொண்டு காங்ரியை மடியில் வைத்த ஐந்தாவது நிமிடம் எனக்குக் காஷ்மீர் பிடித்துவிட்டது. ஆனால் அவரே எச்சரித்தார், தூக்கத்தில் கவிழ்ந்து வீடு எரிந்த கதைகள் உண்டு. தினமும் வயிற்றிலும் தொடையிலும் இந்தச் சூட்டை வைத்து வைத்து வருகிற தோல் புற்றுநோய்க்கே காங்ரி புற்று என்று பெயர். இங்கே இருந்த மிஷனரி மருத்துவர் எல்ம்ஸ்லி 1866லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆக, குளிரில் விறைப்பதா, சூட்டில் வேவதா என்பதுதான் இந்த மக்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிற தேர்வு. இதைப் போய் 'விண்டர் வொண்டர்லாண்ட்' என்று போஸ்டர் அடிக்கிறார்கள்.

டிசம்பர் 25, புதன். குல்மார்க்

ஒன்றரை மணி நேரப் பயணம், தங்மார்க்கில் நிறுத்தினார்கள். அங்கிருந்து மேலே 13 கிலோமீட்டர். இருபக்கமும் வரிசையாகக் கடை, எல்லாக் கடையிலும் ஒரே சரக்கு: வாடகைக்கு ரப்பர் பூட்ஸ், வாடகைக்குக் கோட். எனக்கு வந்த கோட்டில் எனக்கு முன்னால் போட்ட நாலைந்து பேரின் வியர்வையும் ஒரு பிரியாணியும் இருந்தன. பூட்ஸ் ஒன்று எட்டு, ஒன்று ஒன்பது. கடைக்காரரிடம் சொன்னேன். பனியில் தெரியாது என்றார்.

குல்மார்க் 2,650 மீட்டர். புதுப் பனி எதுவும் இல்லை, சில நாள் பழையது. படத்தில் பார்க்கிற வெள்ளை வேறு, குதிரைச் சாணமும் வண்டிப் புகையும் ஏறி இறுகிய இது வேறு. கார் நிற்குமிடத்தில் மிதிபட்டு மிதிபட்டு வழவழவென்று இருந்தது. ஒவ்வொரு எட்டும் வைக்கும்போது கால் கட்டைவிரல்கள் பூட்ஸுக்குள் தரையைப் பிடிக்கப் பார்த்தன. பத்தடி நடப்பதற்குள் கெண்டைக்கால் வலித்தது. பிள்ளைகள் விழுந்தார்கள், சிரித்தார்கள், எழுந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவன் விழுந்தால் அது வேறு கதை. இடுப்பெலும்பு முறிந்தவனுக்குப் பனி அழகாகத் தெரியுமா என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும்.

அங்கே மரச் சறுக்குப் பலகையைக் கயிறு கட்டி இழுப்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். என் வயதுதான் இருக்கும் ஒருவர் விடாமல் கூடவே வந்தார். நீங்கள் உட்காருங்கள், நான் இழுக்கிறேன். இன்னொரு மனிதன் மூச்சிரைக்க இழுக்க நான் பலகையில் காலை நீட்டி உட்கார்வதா? மாட்டேன் என்றேன். அவருக்கு என் கொள்கை புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. "போன ஜனவரியில் இங்கே வெறும் புல்தான் சார்" என்றார். 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே விழாமல் காய்ந்துகிடந்த படங்கள் நம்மூர் டிவியில்கூட வந்தன. அந்த மாதம் அவர் வீட்டில் வருமானம் இல்லை. பிள்ளைகள் இரண்டையும் ஏற்றிவிட்டேன். அவர் இழுக்க நான் பக்கத்தில் நடந்தேன். அவர் ஒருமுறைகூட வழுக்கவில்லை.

கோண்டோலா என்கிற கம்பிவட ரயில் இரண்டு கட்டம். முதல் கட்டம் 1998ல் வந்தது, கோங்தூரிவரை. இரண்டாவது 2005ல், அபர்வத் மலையின் தோள்வரை, கிட்டத்தட்ட 3,950 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. அதன்படி கீழே இருந்ததைவிட எட்டு டிகிரி குறைவு, காற்று தனி. மேலே இறங்கியதும் மச்சினன் இரண்டு கையையும் விரித்து நின்றான், படம் எடுக்கச் சொன்னான். கையுறையைக் கழற்றினேன். போனில் பாதிக்குமேல் சார்ஜ் காட்டியது. ஒரு படம். கறுப்பாகிவிட்டது. லித்தியம் பேட்டரிக்கும் குளிர் பிடிக்காது. எனக்கு இருக்கிற நியாயம் அதற்கும் இருக்கிறது. கையுறையைத் திரும்பப் போடுவதற்குள் விரல் எதுவும் என் சொல்பேச்சு கேட்கவில்லை. சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் ஒரே ஓட்டைக்குள் நுழைத்துக்கொண்டு அப்படியே இறங்கிவிட்டேன்.

காட்சி எப்படி என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் இருந்தது. நாலாபக்கமும் மலை, வானம் நல்ல நீலம். சூடான அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இந்தச் சரிவில் 2023 பிப்ரவரி 1ல் பனிச்சரிவு விழுந்து போலந்துக்காரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். திரும்புகிற வழியில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைக் காட்டினார் டிரைவர், 1948ல் தொடங்கியது. அதைத் தாண்டும்போது எனக்கு சியாச்சின்தான் ஞாபகம் வந்தது. 2016 பிப்ரவரி 3ல் 19,600 அடி உயரத்தில் சோனம் முகாம்மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்து, மெட்ராஸ் ரெஜிமென்ட் பிரிவில் இருந்த பத்துப்பேர் புதைந்தார்கள். அதில் நான்குபேர் நம் பிள்ளைகள் - வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட கர்நாடகத்து ஹனுமந்தப்பாவும் டெல்லி ஆஸ்பத்திரியில் பிப்ரவரி 11 அன்று இறந்தார். தேனியில் மாடு மேய்க்கிற இடத்திலிருந்து ஒரு பையன் எவ்வளவு தூரம் போய், எதன் கீழே கிடந்தான்! அந்த வாரம் முழுக்க எங்கள் தெரு டீக்கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பனியைப் பார்த்தால் எனக்கு ஏன் குதூகலம் வரவில்லை என்று மச்சினன் வண்டியில் கேட்டான். தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 26, வியாழன்

இன்று சாப்பாடு பற்றி மட்டும்.

காலை ஏழரைக்கு, இருட்டு முழுதாக விலகாத நேரத்தில், மாஸ்டர் சாப்பின் மகன் ஆலி கடல் பகுதிக்குக் கூட்டிப்போனார் (கடல் என்றால் இங்கே பாலம்). அங்கே ஹரிஸாக் கடைகள். குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் காலையில் மட்டும். ஆட்டுக்கறியை அரிசி, சோம்பு, பட்டை, ஏலக்காயோடு இரவு முழுக்க விறகுச் சூட்டில் வேகவைக்கிறார்கள். கடைக்காரர் உட்கார்ந்திருக்கிற திண்டுக்குள்ளேயே பானை புதைந்திருக்கிறது, வாய் மட்டும் வெளியே தெரிகிறது. எலும்பைப் பொறுக்கி எடுத்துவிட்டு, நீண்ட மர மத்தால் கறி எது அரிசி எது என்று தெரியாதபடி மசிக்கிறார். தட்டில் வைத்து, மேலே ஒரு கபாப் துண்டு, அதன்மேல் கரண்டியில் புகையக் காய்ந்த எண்ணெயை ஊற்றுகிறார். 'சொய்ங்' என்று ஒரு சத்தம், மேல்பரப்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். கிர்தா ரொட்டியைப் பிய்த்து அள்ளிச் சாப்பிட வேண்டும். இரண்டாவது வாயிலேயே காது சூடாகிவிட்டது. பெஞ்சில் எதிரே ஒரு பெரியவர், ஃபெரன் அணிந்தவர், நான் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு கடைக்காரரிடம் என்னவோ சொன்னார். இன்னொரு கரண்டி எண்ணெய் வந்தது.

அங்கிருந்து பழைய நகரத்துச் சந்து ஒன்றில் காய்ந்த காய்கறி விற்கிற கடைகள். பார்த்ததும் என் வீட்டுக்காரி நின்றுவிட்டாள். கத்தரிக்காய் வற்றல்! நாலாகப் பிளந்து நூலில் கோத்துச் சரமாகத் தொங்குகிறது. சுரைக்காய் வற்றல், தக்காளி வற்றல், டர்னிப் வற்றல். பக்கத்திலேயே கருவாடு, வாசனையோடு. கோடையில் வெயில் இருக்கும்போது அறுத்துக் காயவைத்து, நெடுஞ்சாலை மூடிக்கிடக்கிற மாதங்களுக்குச் சேமித்து வைக்கிறார்கள். எங்கள் மொட்டைமாடியில் சித்திரையில் நடப்பது இங்கே ஆவணியில் நடக்கிறது. கடைக்காரருக்கு இந்தி அரைகுறை, இவளுக்கு இந்தி சுத்தமாகக் கிடையாது. ஆனாலும் எத்தனை நாள் காயவைப்பது, உப்பு போடலாமா கூடாதா என்று இருவரும் பேசி முடித்தார்கள். உப்பு இல்லையாம். இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மாலையில் ஹமாம். இந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு அறைக்குத் தரை முழுக்க கல் பாவியிருக்கிறது, அடியில் குடைவு. வீட்டுக்கு வெளியிலிருந்து அந்தக் குடைவில் விறகை வைத்து எரிக்கிறார்கள். கல் சூடேறி இரவெல்லாம் ஆறாமல் இருக்கும். சுவருக்குள் பதித்த செம்பு அண்டாவில் வெந்நீரும் கிடைத்துவிடும். குடும்பமே அங்கேதான், சாப்பாடு, வீட்டுப்பாடம், சண்டை, தூக்கம். நாங்களும் போய் ஒட்டிக்கொண்டோம். உப்புப் போட்ட இளஞ்சிவப்பு டீ வந்தது. நூன் சாய். அது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் பாராட்ட வேண்டுமா என்ன.

கல்தரையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு யோசித்தேன். வந்ததிலிருந்து எனக்குப் பிடித்தது எது? காங்ரி, ஃபெரன், ஹரிஸா, வற்றல், இந்த அறை. ஒன்றுவிடாமல் எல்லாமே குளிரை விரட்ட மனிதன் கண்டுபிடித்தவை. இவர்கள் கைத்திறமைக்கு நான் ரசிகன். அதற்கான பாராட்டைக் குளிருக்குக் கொடுக்க நான் தயாரில்லை. இதை மாஸ்டர் சாப்பிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: எனக்கும் அறுபத்தெட்டு வருடமாகப் பிடிக்கவில்லை. ஆனால் பனி விழ வேண்டும்.

ஏன் விழ வேண்டும் என்றால், ஆப்பிள் மரத்துக்கு ஏழு டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம் அளவுக்குக் குளிர் தேவை, இல்லாவிட்டால் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்காது. மலையில் சேருகிற பனிதான் ஏப்ரல், மே மாதங்களில் ஓடையாக வந்து வயலுக்குப் பாயும். பனி பொய்த்த வருடம் கோடையில் குடிநீருக்கே திண்டாட்டம். சோபியான் பக்கம் அவர் தம்பிக்குத் தோட்டம் இருக்கிறது. சரி, விழட்டும். நான் கிளம்பினபிறகு விழட்டும் என்றேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி, இரவு டிவியில் வானிலை அறிக்கை: நாளை மழை, பனி. மத்தியதரைக்கடல் பக்கம் கிளம்பி வருகிற காற்றுச் சுழல், மேற்கத்திய இடையூறு என்று நம் செய்திகளில் சொல்வார்களே, அது. அந்தப் பெயர் எனக்கு முழுச் சம்மதம். பத்துமணிக்குமேல் இன்னொரு செய்தி. மன்மோகன் சிங் காலமானார். அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

டிசம்பர் 27, வெள்ளி

பனிஹாலுக்கு ரயிலில் போய் வந்தோம். பனிஹால் - காசிகுண்ட் பாதையை 2013 ஜூனில் திறந்துவைத்தவர் மன்மோகன் சிங்தான் என்று பெட்டியில் ஒரு பெரியவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பீர்பஞ்சால் மலையைக் குடைந்து 11 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். மலைக்குள்ளே போனபோது சுகமாக இருந்தது, அங்கே பனி விழாது பாருங்கள்.

திரும்பும்போது காசிகுண்ட் தாண்டியதும் தொடங்கியது. முதலில் பஞ்சு பஞ்சாக, கீழே விழ மனமில்லாமல் குறுக்கே பறந்தது. பெட்டியே ஜன்னலுக்குப் பாய்ந்தது. மச்சினன் கண் கலங்கிவிட்டது. அவன் குழந்தைப் பருவத்திலிருந்து காத்திருந்தானாம். அவனைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். பனி அரைமணி நேரம் கழித்துக் கனத்தது. ஸ்ரீநகர் நிலையத்துக்கு வெளியே டாக்ஸி இல்லை. வந்த ஒன்றும் எங்கள் தெருவின் ஏற்றத்தில் பின்சக்கரம் சுற்றி நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். மழைக்குக் குடை பிடிக்கலாம். இது குடைக்குள்ளும் நுழைகிறது, கழுத்துப் பட்டைக்குள் விழுந்து உருகி முதுகில் இறங்குகிறது. சாக்ஸ் நனைந்தது. கோவில்பட்டித் தம்பி சொன்னபடி வாசலிலேயே கழற்றி மாற்றினேன்.

டிசம்பர் 28, சனி

இன்று ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள். விமானங்கள் ரத்து. ஒன்றல்ல, எல்லாமே. நெடுஞ்சாலை மூடியாயிற்று. நேற்று நாங்கள் போன ரயிலும் ஓடவில்லை. ஆயிரக்கணக்கான வண்டிகள் சுரங்கப் பாதை பக்கம் நேற்றிரவிலிருந்து மாட்டிக்கிடக்கின்றன. சோனமார்க் சாலையில் வழியில்லாமல் நின்ற சுற்றுலாக்காரர்களை குந்த் என்ற ஊரில் பள்ளிவாசலைத் திறந்துவிட்டுத் தங்கவைத்தார்கள் என்று மாஸ்டர் சாப்பின் மருமகள் போனில் படம் காட்டினாள். அந்தக் கம்பள விரிப்பில் வரிசையாகப் படுத்திருக்கிற மனிதர்களில் ஒருத்தனாக நான் இருந்திருக்கலாம்.

கரண்ட் நேற்று மாலையே போயிற்று. போன் சார்ஜ் கார் பேட்டரியிலிருந்து, முறைவைத்து. விமான நிறுவனத்துக்கு அழைத்தால் இசை மட்டும் வருகிறது. மச்சினன் அதைக் காதில் வைத்துக்கொண்டு ஹமாம் அறையில் சுற்றிச் சுற்றி நடக்கிறான். பனி விழுவதை இப்போது அவன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

எனக்கு இன்று கிடைத்த புது அனுபவம் சத்தம். இங்கே எல்லா வீட்டுக்கும் சரிவான தகரக் கூரை. பனி அதில் சேர்ந்துகொண்டே போகிறது, ஒன்றும் தெரியாது. திடீரென்று தலைக்குமேல் யாரோ பீரோவை இழுப்பது மாதிரி ஒரு உருமல், அடுத்த நொடி வாசலில் 'தொம்'. சன்னல் நடுங்குகிறது. முதல்முறை நான் எழுந்து நின்றுவிட்டேன். மூன்றாம் முறை மாஸ்டர் சாப்பின் பேத்தியைப் போலவே நானும் தலையைத் தூக்காமல் டீயைக் குடித்தேன். கூரை விளிம்புக்குக் கீழே நிற்காதே, நடக்காதே என்பதுதான் இங்கே பிள்ளைகளுக்கு முதல் பாடமாம்.

மதியம் மண்வெட்டி எடுத்து வாசலில் வழி வெட்டினோம். விழும்போது எடையே இல்லாத பஞ்சு, அள்ளினால் ஈர மணல். பத்து வாரு வாரியதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு ஆள் இதையே செய்துகொண்டிருந்தார். யாரும் வானத்தைப் பார்த்து ரசிக்கவில்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரர் மாஸ்டர் சாப்பிடம் உரக்க ஏதோ சொன்னார், இருவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். என்னவென்று கேட்டேன். ஆப்பிளுக்கு நல்லது என்றாராம்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், நேற்றிரவு அவ்வளவு குளிரவில்லை. மேகம் மூடியிருந்தால் பூமியின் சூடு வெளியேறாது. வானம் தெளிந்தால்தான் அடி. இன்றிரவு தெளியும் என்கிறார்கள்.

டிசம்பர் 29, ஞாயிறு. விமான நிலையம்

தெளிந்தது. அடித்தது. நேற்று உருகிய சேறெல்லாம் காலையில் கண்ணாடி. டயரில் சங்கிலி கட்டிய வண்டியில் ஊர்ந்து வந்து சேர்ந்தோம். விமானங்கள் மறுபடி கிளம்புகின்றன. நேற்றையக் கூட்டமும் இன்றையக் கூட்டமும் ஒரே கூரைக்குள். எங்களுக்கு மதியம் ஒரு இடம் கிடைத்திருக்கிறது, டெல்லிவரை. அதற்கப்புறம் மதுரைக்கு எப்போது என்று தெரியாது.

வற்றல் சரத்தைப் பையில் பார்த்துவிட்டுப் பாதுகாப்புச் சோதனையில் பெண் காவலர் வெளியே எடுக்கச் சொன்னார். கத்தரிக்காய் என்று தெரிந்ததும் எத்தனை ரூபாய்க்கு வாங்கினீர்கள் என்று கேட்டார். விலையைச் சொன்னதும் வரிசையில் நின்ற மூன்று காஷ்மீரிப் பெண்கள் ஒரே குரலில் அநியாயம் என்றார்கள். என் வீட்டுக்காரிக்கு இதுவரை குளிர்மேல் இல்லாத கோபம் கடைக்காரர்மேல் வந்திருக்கிறது.

மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருக்கிறான். ஏப்ரலில் இங்கே துலிப் பூக்குமாம், அப்போது வரலாமா அத்தான் என்கிறான். அப்போது எத்தனை டிகிரி இருக்கும் என்று கேட்டேன். பார்த்துச் சொன்னான். இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன்.